42 கிணறுகள், 23 கொப்பிகள், ஒரு பென்ட்ரைவ்: பழைய தரவைப் பொதுவில் வைத்த அனுபவம்

எங்கள் துறைச் சேர் ஓய்வு பெற்றுப் போகிற வாரத்தில் என்னைக் கூப்பிட்டு ஒரு பென்ட்ரைவையும், அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்த 23 கொப்பிகளையும் தந்தார். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் 42 கிணறுகள். 2011 ஜனவரி தொடக்கம் 2018 டிசெம்பர் வரை மாதம் ஒரு தடவை நீர்மட்டம், வருடத்துக்கு இரண்டு தடவை நைத்திரேற்று, மின்கடத்துதிறன். அவ்வளவும் எங்கள் துறை மாணவர்கள் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வீடு வீடாகப் போய் அளந்தவை, அதில் இரண்டு வருடம் நானும் டேப் பிடித்திருக்கிறேன். இதை வைத்துச் சில ஆய்வேடுகள் எழுதப்பட்டன, அப்புறம் எல்லாம் அலுமாரிக்குள் போய்விட்டது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. மாரியில் பெய்கிற மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, உப்புநீருக்கு மேலே மிதக்கிற நன்னீராகத் தங்குகிறது; குடிப்பதும் அந்த நீர்தான், தோட்டத்துக்கு இறைப்பதும் அந்த நீர்தான், வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடுகிற யூரியா செம்மண்ணைத் தாண்டிக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கிச் சேர்வதும் அதே நீரில்தான். அப்படியான ஓர் இடத்தில் எட்டு வருடம் தொடர்ச்சியாக அளந்த தரவு ஒருவரின் மேசை இலாச்சியில் கிடக்கக் கூடாது என்று எனக்குப் பட்டது. சேருக்கும் அதே எண்ணம்தான். "ஆரும் எடுத்துப் பாவிக்கட்டும், ஆனா அளந்த பிள்ளையளின்ர பேர் வரவேணும்" என்று மட்டும் சொன்னார்.

திறந்த தரவு பற்றிய கொள்கைகளை நான் ஏற்கனவே வாசித்திருந்தேன். 2016இல் வெளியான ஃபெயர் கொள்கைகள்தான் எல்லோரும் சொல்வது: தரவைக் கண்டுபிடிக்க முடிய வேண்டும், எடுக்க முடிய வேண்டும், மற்றத் தரவோடு சேர்த்து ஓட்ட முடிய வேண்டும், அளந்தவர் பக்கத்தில் இல்லாமலே இன்னொருவர் பாவிக்க முடிய வேண்டும். வாசிக்கும்போது முதல் மூன்றும்தான் பெரிய வேலை, கடைசி தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். வேலையில் இறங்கிய பிறகு பார்த்தால் முதல் மூன்றுக்கும் சேர்த்து எனக்கு ஒரு வாரம் போதுமாயிருந்தது. கடைசிக்கு ஏழு மாதம் எடுத்தது.

முதல் நாள் செய்தது ஒரே ஒரு வேலை. பென்ட்ரைவில் இருந்ததை அப்படியே 'மூலம்' என்ற கோப்புறையில் போட்டு, எழுத முடியாதபடி பூட்டி, ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 சரிபார்ப்பு எண் (கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடுகிற எண்) எடுத்து ஒரு உரைக்கோப்பில் சேமித்தேன். மூன்று பிரதிகள்: ஒன்று துறைக் கணினியில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் நண்பரின் வீட்டில். அதற்குப் பிறகு எந்தத் திருத்தமும் கையால் செய்யவில்லை, எல்லாம் பைதன் மொழியில் எழுதிய புரோகிராம் வழியாக, மூலத்தை வாசித்து வேறு இடத்தில் எழுதுகிற மாதிரி. (ஒரு இடத்தில் இதை மீறினேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.) இந்த முதல் நாள் வேலைதான் கடைசியில் என்னைக் காப்பாற்றியது.

கணக்குப்படி 42 கிணறு, 96 மாதம், 4,032 நிரைகள் (அட்டவணையின் கிடை வரிசைகள்) இருக்க வேண்டும். இருந்தவை 11 எக்செல் கோப்புகளும் 3 உரைக்கோப்புகளும்.

திகதிகள்தான் முதல் வில்லங்கம். கொப்பியில் நாங்கள் நாள், மாதம், வருடம் என்று எழுதுவோம். தட்டச்சுச் செய்த மடிக்கணினிகளில் ஒன்று அமெரிக்க அமைப்பில் இருந்திருக்கிறது, ஆகவே 4/10/2012 என்று அடித்த ஒக்டோபர் 4ஐ எக்செல் ஏப்ரல் 10 என்று எடுத்துக்கொண்டுவிட்டது. வழமையாக நாள் 12ஐத் தாண்டினால் எக்செல் அதைத் திகதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும், அதை வைத்துப் பிழையான கோப்பைப் பிடிக்கலாம். எங்கள் விஷயத்தில் அதுவும் முடியாது, ஏனென்றால் நாங்கள் எப்போதும் மாதத்தின் முதல் ஏழு நாட்களுக்குள்தான் அளப்போம், 12க்கு மேலே போகவே மாட்டோம். ஆனால் அதே பழக்கம்தான் வழியும் காட்டியது: நாள் 8 முதல் 12 வரை இருக்கிற எந்த நிரையும் கட்டாயம் தலைகீழாகியதுதான். அப்படி ஓகஸ்ட் முதல் டிசெம்பர் வரையான அளவுகள் எல்லாம் பிடிபட்டன. ஜனவரி முதல் ஜூலை வரை கொப்பியைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. இப்போது எல்லாத் திகதியும் வருடம், மாதம், நாள் என்ற ஐஎஸ்ஓ 8601 வரிசையில் இருக்கின்றன.

அடுத்தது பூச்சியம். நீர்மட்ட நிரலில் (அட்டவணையில் மேலிருந்து கீழாக வரும் வரிசை) அங்கங்கே 0 இருந்தது. நாங்கள் அளப்பது கிணற்றுக்கட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் எவ்வளவு கீழே என்பதை. அப்படியென்றால் 0 என்பதற்கு அர்த்தம் தண்ணீர் கட்டு விளிம்பு வரைக்கும் தளும்பி நிற்கிறது. ஆனால் அந்த 0 எல்லாம் வந்திருந்தது ஓகஸ்டிலும் செப்டெம்பரிலும், அதாவது கிணறு காய்ந்து கிடந்த மாதங்களில். தட்டச்சுச் செய்தவர் 'தண்ணீர் இல்லை' என்பதை 0 என்று போட்டிருக்கிறார். இதைக் கவனிக்காமல் சராசரி எடுத்தால் வரட்சி கூடிய வருடத்தில் நீர்மட்டம் உயர்ந்ததாகக் காட்டும். வேறு ஒரு கோப்பில் அதே நிலைக்கு 999. இன்னொன்றில் சின்னக் கோடு. இன்னொன்றில் வெற்றுக் கூடு.

நான் செய்தது, அளவு நிரலில் அளவு மட்டும், இல்லாவிட்டால் வெறுமை. அதற்குப் பக்கத்தில் 'ஏன் இல்லை' என்று தனியாக இன்னொரு நிரல். அளவு இல்லாத 445 நிரைகளில் 61 கிணறு வற்றியது, 203 வீட்டுக் கேற் பூட்டிக் கிடந்தது, 84 வெள்ளத்தால் இரண்டு மாதம் முழுதாகப் போகவே முடியாமல் விட்டது. மீதி 97க்குக் கொப்பியிலும் காரணம் இல்லை. அதற்கு 'காரணம் பதியப்படவில்லை' என்று எழுதினேன். அந்த 97ஐ மேலும் கீழும் உள்ள மாதங்களை வைத்து நிரப்பிவிடலாமே என்று ஒருவர் சொன்னார். நிரப்ப விரும்புகிறவர் தன் ஆய்வில் நிரப்பட்டும், அளந்த தரவுக்குள் அளக்காத எண்ணை நான் வைக்க மாட்டேன்.

தமிழ் எழுத்துக்கு வருகிறேன். 2011 முதல் 2013 வரையான குறிப்புகளும் கிணற்றின் பெயர்களும் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. அந்தக் காலத்தில் இங்கே எல்லாரும் பாவித்தது அதைத்தான். யூனிகோட் இல்லாத எழுத்துரு, உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், பாமினியைப் பொருத்தினால்தான் தமிழாகத் தெரியும். மாற்றுவதற்குப் புரோகிராம் எழுதுவது பெரிய வேலை இல்லை, வரிசை மட்டும் முக்கியம்: கொ, கோ மாதிரி முன்னும் பின்னும் குறி வருகிற எழுத்துகளை முதலில் மாற்ற வேண்டும், தனி எழுத்துகளைக் கடைசியில். தலைகீழாகச் செய்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிவிடும்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பாமினியில் 'இ' இருக்கிற இடம் காற்புள்ளிச் சாவி. அந்த மூன்று வருடத் தரவும் உரைக்கோப்பாக, மேற்கோள் குறி எதுவும் இல்லாமல், காற்புள்ளியால் நிரல் பிரித்துச் சேமிக்கப்பட்டிருந்தது. அவற்றின் எக்செல் மூலம் எங்கேயும் இல்லை. ஆகவே 'இலுப்பையடிக் கிணறு' என்ற பெயர் வருகிற ஒவ்வொரு நிரையிலும் பெயரே இரண்டாக உடைந்து, நீர்மட்டம் இருக்க வேண்டிய இடத்தில் பாதிப் பெயர் நின்றது. இந்தப் பெயர் உள்ள கிணறு இரண்டே இரண்டு என்பதால், அந்த நிரைகளை நான் கையால் சரி செய்துவிட்டு மேலே போய்விட்டேன். மீறினேன் என்று சொன்னது இதைத்தான்.

இனி நைத்திரேற்று. என்னை அதிக நாள் தூங்க விடாதது இதுதான்.

நிரலின் தலைப்பு வெறுமனே 'நைத்திரேற்று, மி.கி./லீ.' என்று இருந்தது. வரைபடம் போட்டுப் பார்த்தால் 2015 மார்ச்சில் எல்லாக் கிணறும் ஒரேயடியாக நாலு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. முதலில் உரப் பாவனை கூடிவிட்டதோ என்றுதான் பார்த்தேன். ஆனால் தோட்டமே பக்கத்தில் இல்லாத, கடலோரமாக இருக்கும் ஒரு கிணறும் அதே அளவு ஏறியிருந்தது. கிணறு கிணறாக விகிதம் எடுத்துப் பார்த்தேன்: 4.2, 4.6, 4.4, 4.5, 4.3. அப்போதுதான் விளங்கியது. நைத்திரேற்று மூலக்கூறின் நிறை 62, அதற்குள் இருக்கும் நைதரசன் 14, 62ஐ 14ஆல் வகுத்தால் 4.43. ஒரே தண்ணீரை 'நைத்திரேற்றாக' என்றும் சொல்லலாம், 'நைத்திரேற்றில் உள்ள நைதரசனாக' என்றும் சொல்லலாம், இரண்டுக்கும் அலகு மி.கி./லீ. தான். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு நைத்திரேற்றாக 50, நைதரசனாகச் சொன்னால் ஏறத்தாழ 11. எங்கள் கோப்பில் ஒரு வீட்டுக் கிணற்றுக்கு 13.6 என்று இருக்கிறது. அது நைத்திரேற்று என்றால் பயமில்லை. நைதரசன் என்றால் நைத்திரேற்றாக 60, அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் மா கரைக்கக் கூடாது.

சேருக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே, "ஓம், பழைய மிஷின் 2014 கடைசியில பழுதாப் போச்சு, பிறகு வெளியில குடுத்துத்தான் செய்விச்சனாங்கள். பழையது நைதரசனாத்தான் காட்டும். நீர் ஒருக்கா ஒன்பதாம் கொப்பியப் பாரும்" என்றார். ஒன்பதாம் கொப்பி, மழையில் நனைந்து காய்ந்ததில் ஓரம் நெளிந்த ஒன்று. அதில் நைத்திரேற்று நிரலின் தலைப்புக்கு மேலே, ஏதோ ஒரு மாணவர், பெயர் கூட இல்லை, பென்சிலால் பொடியாக 'நைதரசனாக' என்று எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தார். அந்த ஒரு சொல் கணினிக்குள் வரவில்லை, அவ்வளவுதான் நடந்தது. எட்டு வருடத் தரவும் இந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. சேர் நினைவோடு இருக்கும்போதே கேட்டேன் என்பதை நினைக்க இப்போதும் நெஞ்சு படபடக்கிறது.

இப்போது கோப்பில் இரண்டு நிரல்கள்: கருவி காட்டிய எண் அப்படியே ஒன்றில், நைத்திரேற்றாக மாற்றியது மற்றதில். எந்தக் கருவி, எந்த வடிவில் சொன்னது என்பது ஒவ்வொரு நிரையிலும். நிரல் விளக்கம் என்று தனியாக ஒரு கோப்பும் வைத்தேன், ஒவ்வொரு நிரலுக்கும் பெயர், அலகு, எதிலிருந்து அளந்தது, எத்தனை தசமம் நம்பலாம், வெறுமை என்றால் என்ன அர்த்தம். பொதுவில் வைத்த எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமானது அந்தக் கோப்புதான்.

கட்டின் உயரம் ஒரு பிரச்சினையாக இன்னும் இருந்தது. நீர்மட்டத்தைக் கட்டு விளிம்பிலிருந்து அளந்தோம், ஆனால் ஒரு கிணற்றின் கட்டு இரண்டு அடி, இன்னொன்றினது மூன்றரை அடி. நில மட்டத்துக்குக் கணக்குப் போடாமல் இரண்டு கிணற்றை ஒப்பிடவே முடியாது. அந்த உயரம் எங்கேயும் எழுதப்படவில்லை. ஜனவரியில் நானும் இப்போதைய மாணவர்கள் இருவருமாக டேப்பைத் தூக்கிக்கொண்டு 42 வளவுக்கும் போனோம். ஒரு வீட்டில் கட்டைப் புதுசாகக் கட்டிச் சீமெந்து பூசியிருந்தார்கள். வீட்டுக்கார ஐயா தானே முன்வந்து, மகளின் கல்யாணத்துக்கு முன்பு, 2016 ஆனியில் கட்டியது என்று சொல்லிவிட்டு, பாசி பிடித்த பழைய கல் வரி உள்பக்கம் தெரிகிற இடத்தைக் குனிந்து காட்டினார். பழைய விளிம்புக்கும் புதிய விளிம்புக்கும் 27 சென்ரிமீற்றர். அந்தக் கிணற்றுக்கு இப்போது இரண்டு உயரங்கள், திகதியோடு.

போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த வீட்டுக்காரர்கள் அளக்க விட்டார்களே தவிர, உலகம் முழுக்கப் பார்க்க வைக்கிறோம் என்று அவர்களிடம் யாரும் கேட்டதில்லை. ஒருவரின் கிணற்று நீர் கெட்டது என்று வரைபடத்தில் புள்ளி வைத்தால் காணி விலையிலிருந்து சம்பந்தம் பேசுவது வரைக்கும் பாதிக்கும். பூர்வகுடிகளின் தரவு பற்றி 2019இல் வந்த கேர் கொள்கைகள், தரவு யாருடையதோ அவர்களுக்கு முதலில் பயன் போக வேண்டும், முடிவு சொல்லும் உரிமையும் அவர்களுக்கு வேண்டும் என்கின்றன. அது வேறு சூழலில் எழுதப்பட்டது என்றாலும் எனக்கு இங்கேயும் பொருந்தும் என்று பட்டது. ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்களின் கிணறு பற்றித் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொண்டுபோனோம். ஒரு அம்மா அதைக் கையில் வாங்கியதும் வாசிக்காமலே என்னைப் பார்த்து, "தம்பி, பேரப்பிள்ளைக்குக் குடுக்கலாமோ? நாங்கள் கொதிக்க வைச்சுத்தான் குடுக்கிறது" என்று கேட்டார். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, நீர் ஆவியாவதால் செறிவு கொஞ்சம் கூடவும் செய்யும். அதைச் சொல்லி, இந்த எண்கள் பழையவை, மறுபடி ஒருக்கா சோதிக்க வேண்டும் என்றும் சொல்லி, அன்றைக்கே ஒரு போத்தலில் மாதிரி எடுத்து வந்தோம்.

42 பேரில் 39 பேர் சம்மதித்தார்கள். மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். அந்த மூன்றும் பொதுக் கோப்பில் இல்லை, ஏன் 39 என்பது விளக்கக் கோப்பில் இருக்கிறது.

இருப்பிடத்தையும் இதையொட்டியே தீர்மானித்தோம். கையடக்க ஜிபிஎஸ் கருவி பாகையும் தசம நிமிடமுமாக எழுதித் தந்திருந்தது: 9 பாகை 43.512 நிமிடம். யாரோ அதை 9.43512 என்று அடித்துவிட்டதால் சில கிணறுகள் தெற்கே 32 கிலோமீற்றர் தள்ளி, குடாநாட்டை விட்டே வெளியே போயிருந்தன. சரியான எண் 9.7252. அவற்றைத் திருத்திய பிறகு, பொதுக் கோப்பில் இரண்டு தசமத்துக்கு வெட்டினேன், அதாவது ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் மங்கல். நிலத்தடி நீரோட்டத்தை மாதிரியாக்குகிறவருக்கு இது போதாது என்பது தெரியும். அவர்களுக்காகத் துல்லியமான இருப்பிடத்தைத் தனிப் பதிவாக, விவரம் எல்லாருக்கும் தெரிய, கோப்பு மட்டும் கேட்டால் கிடைக்கிற மாதிரி வைத்தேன். உரிமையாளர் பெயர்கள் எந்தக் கோப்பிலும் இல்லை.

உரிமம் பற்றிச் சேரோடு இரண்டு மாலை கதைத்தோம். வணிகத்துக்குப் பாவிக்கக் கூடாது என்று போட அவருக்கு விருப்பம், தண்ணீர் விற்கிற ஆட்கள் எடுப்பார்களோ என்ற யோசனை. எனக்கு அது சரியாகப் படவில்லை: குழாய்க்கிணறு திட்டத்துக்கு மதிப்பீடு செய்கிற சின்ன ஆலோசனை நிறுவனமும் வணிகம்தானே, அவர்கள் இந்தத் தரவைப் பார்த்துவிட்டுத் தோண்டினால் ஊருக்குத்தான் நல்லது. கடைசியில் கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர் குறிப்பிடும் உரிமம், 4.0, அதாவது பெயரைக் குறிப்பிட்டால் வணிகத்துக்கும் எடுக்கலாம். அவர் கேட்ட மற்றது முழுதாக நடந்தது. கொப்பிகளில் கையெழுத்து இருந்த மாணவர்களில் தேடிப் பிடிக்க முடிந்த எல்லோரிடமும் கேட்டு, சம்மதித்தவர்களின் பெயரைத் 'தரவு சேகரித்தவர்' என்ற பொறுப்போடு பதிவில் சேர்த்தோம். சிலர் இப்போது கனடாவில், ஒருவர் மன்னாரில் ஆசிரியர்.

பதிவேற்றியது ஸெனோடோ என்ற தரவுக் களஞ்சியத்தில், ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான சேர்ன் நடத்துவது, இலவசம், 2013இலிருந்து இருக்கிறது. பழகுவதற்கென்று அவர்களே தனியாக ஒரு சோதனைத் தளம் வைத்திருக்கிறார்கள், அதில் இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் உண்மையானதில் போட்டேன், ஏனென்றால் வெளியிட்ட பிறகு விவரத்தை மாற்றலாம், கோப்பை நினைத்தபடி மாற்ற முடியாது, வழமையாகப் புதிய பதிப்பாகத்தான் போட வேண்டும். பதிவை நிலையாகச் சுட்டுகிற டிஓஐ எண்ணை வெளியிடுவதற்கு முன்பே ஒதுக்கி வாங்கலாம், அதை விளக்கக் கோப்புக்குள் எழுதிவிட்டு வெளியிட்டேன். கோப்புகள் சிஎஸ்வி (காற்புள்ளியால் நிரல் பிரித்த உரைக்கோப்பு), எழுத்துகள் யூனிகோட்டின் யூடிஎஃப்-8 முறையில். எக்செலில் நேராகத் திறந்தால், கோப்பின் தலையில் இது யூடிஎஃப்-8 என்று காட்டுகிற மூன்று பைட் குறி இல்லாவிட்டால், தமிழ் குப்பையாகத் தெரியும். குறியைப் போட்டால் சில புரோகிராம் மொழிகளில் முதல் நிரலின் பெயரோடு அது ஒட்டிக்கொண்டு பிழை தரும். நான் குறி இல்லாமல் விட்டு, எக்செலில் எப்படி இறக்குமதி செய்வது என்று விளக்கக் கோப்பின் முதல் பந்தியிலேயே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன்.

வெளியிட்டு மூன்றாவது வாரம் ஒரு முதுகலை மாணவியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. 2013 நவம்பரில் எல்லாக் கிணறும் மழையோடு ஏறுகிறது, 17ஆம் கிணறு மட்டும் ஒன்றே முக்கால் மீற்றர் இறங்கியிருக்கிறது, பிழையா உண்மையா என்று கேட்டிருந்தார். குறிப்பு நிரலைப் பார்த்தேன், வெறுமை. கொப்பியை எடுத்துப் பார்த்தால் அந்த நிரைக்கு நேரே தெளிவாக எழுதியிருக்கிறது: 'இறைப்பு நடக்குது'. மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்திருக்கிறார்கள். குறிப்பு 'இ'யில் தொடங்குகிறது, பாமினியில் அது காற்புள்ளி, என் புரோகிராம் காற்புள்ளிக்கு முன்னால் இருந்த வெறுமையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டது. குறிப்பு கடைசி நிரல் என்பதால் வேறு எதுவும் இடம் மாறவில்லை, ஆகவே கண்ணில் படவும் இல்லை. இலுப்பையடியைக் கையால் திருத்தாமல், உடைகிற காரணத்தைப் புரோகிராமில் திருத்தியிருந்தால் இது அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

மூலக் கோப்புறை பூட்டியபடி அப்படியே இருந்தது, சரிபார்ப்பு எண்களும் பொருந்தின. நிரையின் இரண்டு பக்கத்திலிருந்தும் நிரல்களை எண்ணி நடுவில் மிஞ்சுவதை ஒட்டுகிற மாதிரி புரோகிராமை மாற்றி எழுதி மறுபடி ஓட்டினேன். 58 குறிப்புகள் திரும்பி வந்தன. அதில் 31 'இறைப்பு', மற்றவை 'இடி மழை', 'இரவு அளந்தது' என்று இப்படி. அந்த 31க்கும் 'இறைப்பின்போது அளந்தது' என்று தனி அடையாளம் போட்டு, பதிப்பு 1.1 என்று வெளியிட்டு, என்ன மாறியது, யார் கேட்டதால் மாறியது என்று மாற்றக் குறிப்பில் எழுதினேன். அந்த மாணவியின் பெயரை அவருடைய சம்மதத்தோடு சேர்த்திருக்கிறேன்.

23 கொப்பிகளில் இதுவரை 12 ஸ்கேன் செய்து முடிந்திருக்கிறது. ஒன்பதாம் கொப்பியின் அந்தப் பென்சில் எழுத்து வழமையான கறுப்பு வெள்ளை ஸ்கேனில் விழவில்லை, வண்ணத்தில் 600 புள்ளி அடர்த்தியில் எடுத்த பிறகுதான் வாசிக்க வந்தது, ஆகவே முடிந்த 12இல் ஆறை மறுபடி எடுக்க வேண்டும்.